வழியில் சிவந்த கொழுந்து

1. பலகைப் பாலம்

1977 நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை விட்டிருந்தது. பனிமூட்டம் டிஸ்பென்சரி வாசல்வரை வந்து நின்றது. சுவரிலிருந்த வெப்பமானி பதினைந்து பாகை காட்டியது. கொதிநீர்ப் பாத்திரத்தில் பன்னிரண்டு ஊசிகளைப் போட்டு மூடியபோது கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பக்கம் சத்தம் கேட்டது.

நான் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருத்துவ உதவியாளன். தோட்டத்து வழக்கில் டிரஸர். டாக்டர் ஈப்போவிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாள்களில் எல்லா நோயும் என் பாடு.

லயத்துக்கும் பெரட்டுக் களத்துக்கும் நடுவில் ஒரு பெரிய வடிகால் உண்டு. அதன்மேல் போட்ட ஒற்றைப் பலகைதான் பாலம். பெயர் கூப்பிடும் நேரத்துக்குள் எல்லோரும் அதைத் தாண்டி வந்தாக வேண்டும். அன்று நான் இறங்கிப் போனபோது பலகையின் தொடக்கத்தில் அஞ்சலை என்ற கொழுந்து பறிக்கும் பெண் சிலைபோல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் கூடைகளோடு ஒரு வரிசை மக்கள். அக்கரையில் கங்காணி முத்தையா நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நடடி! பின்னால ஜனம் நிக்குது பாரு!"

"காலு வரமாட்டேங்குது கங்காணியாரே. தரை புடிச்சிக்கிச்சு."

"தரை புடிச்சிச்சா? நேத்து எத்தன கிளாசு புடிச்சே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செடியின் மேல்மட்டம் பார்க்கக் கொண்டுபோகும் நீளக் கம்பைக் கங்காணி கோபத்தில் விட்டெறிந்தார். அது பலகையின் குறுக்கே, அஞ்சலையின் காலுக்கு முன்னால் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். வாசற்படி தாண்டுவதுபோல் காலைத் தூக்கி அதைக் கடந்தார். கடந்தவர் நிற்காமல் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா டிரஸரய்யா? அத்தனையும் நடிப்பு!" என்றார் கங்காணி.

நானும் நம்பியிருப்பேன். ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அஞ்சலையின் வலது கட்டைவிரல், பீடி உருட்டுவதுபோல், மற்ற விரல்கள்மேல் தானாக உருண்டுகொண்டிருந்தது. அத்தனை பேர் முன் அவமானப்பட்ட முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முகம் மெழுகு மாதிரி இருந்தது.

2. மூளைக்குள் போகும் சரக்கு

டிசம்பர் விசிட்டில் டாக்டர் அஞ்சலையை வராந்தாவில் நடக்கவிட்டார். முழங்கையை மடக்கிப் பார்த்தார். பல் சக்கரம் நகர்வதுபோல் கை விட்டுவிட்டு மடங்கியது. "பார்க்கின்சன்" என்றார். பிறகு மருந்து அறையில் உட்கார்ந்து எனக்கு ஒரு பாடமே நடத்தினார். இன்றைய பிள்ளைகள் இதைக் கணினியில் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு மனிதர் பென்சிலால் படம் போட்டுச் சொன்னார்.

மூளையின் அடியில் கறுப்பாக ஒரு சிறிய பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற பொருளைச் செய்து தங்கள் நுனியில் விடுகின்றன. அடுத்த அணு அதை வாங்கிக்கொண்டால்தான் 'காலை எடு', 'விரலை மடக்கு' என்ற உத்தரவு தடங்கலில்லாமல் போகும். இந்த நோயில் டோபமின் செய்யும் அணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. கையும் காலும் கெடவில்லை. உத்தரவுதான் வந்து சேருவதில்லை. கண்முன் குறுக்கே ஒன்று கிடந்தால் அதைத் தாண்டும் உத்தரவு மட்டும் வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடும்; பாலத்தில் கம்பு விழுந்ததும் நடந்தது அதுதான்.

"அப்படியானால் டோபமினையே மாத்திரையாகக் கொடுக்கலாமே?" என்றேன்.

"எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இரத்தத்தில் இருக்கும் டோபமினை மூளை வாசலிலேயே தடுத்துவிடும், உள்ளே விடாது. அதற்கு ஒரு படி முந்தைய பொருள் லெவோடோபா. டோபமின் அதிலிருந்துதான் உண்டாகிறது. அது உள்ளே போகும். போன பிறகு மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும்."

"பாதி வழியில் மாறிவிட்டால்?"

"மாறிவிட்டால் வீண். குடலிலும் ஈரலிலும் அந்த மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய டோஸ். பி6 வைட்டமின் அந்த மாற்றத்தை இன்னும் வேகப்படுத்தும். ஆகையால் இந்தப் பெண்ணுக்குப் பி காம்ப்ளெக்ஸ் கூடாது. மறந்துவிடாதே."

வழியில் மாறாதபடி காக்கும் மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் வெளிவந்திருந்தன. எங்கள் மலைக்கு அவை வந்து சேரவில்லை. எனக்குக் கிடைத்தவை தனி லெவோடோபா மாத்திரைகள்.

நான் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. தலைவலியோ சேற்றுப்புண்ணோ எதற்கு வந்தாலும், கொடுக்கும் மருந்தோடு இரண்டு மஞ்சள் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் பி காம்ப்ளெக்ஸ். எனக்கு முன்னிருந்த டிரஸர்கள் தொடங்கிவைத்தது. மஞ்சள் மாத்திரை இல்லாமல் யாரையும் அனுப்பினால், ஜன்னலைவிட்டு நகரமாட்டார்கள். அஞ்சலைக்கு மட்டும் அதை நிறுத்தினேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் அந்த ஜன்னலில் கிடையாது.

தோட்டத்து மேனேஜரான துரையிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் படிக்கவில்லை.

"டிரஸர், அவளால் கொழுந்து பறிக்க முடியுமா, முடியாதா?"

"மருந்து வேலை செய்தால் முடியும், சார்."

"மார்ச் மாதம் டாக்டர் வரும்வரை பார். அப்பவும் முடியலன்னா செக்ரோல்லேர்ந்து பேரை வெட்டிடு."

செக்ரோல் என்பது வேலையாட்களின் பெயர்ப் பதிவு. அதில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு. பெயர் போனால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மற்றவர்களுக்குக் கணவன் பெயரிலோ மகன் பெயரிலோ வீடு தங்கும். அஞ்சலையின் கணவர் இறந்துவிட்டார். பிள்ளையில்லை. மலைக்குக் கீழே போவதற்கு அவருக்கு ஓர் இடம்கூட இல்லை.

3. நாக்கை நீட்டச் சொன்ன டிரஸர்

சின்ன டோஸில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். முதல் இரண்டு வாரம் வாந்தி. சாப்பிட்ட பிறகு மருந்தைப் போடச் சொன்னதும் அது அடங்கியது. ஜனவரி நடுவில் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே நின்றவர் சிரிக்கிறார் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. முகம் சிரித்தது.

"அய்யா, இன்னிக்கு நானே தலையப் பின்னிக்கிட்டேன். ரவிக்கை கொக்கியும் நானேதான் போட்டேன். சரோஜா வந்து பாத்துட்டு, யாரு மாப்பிள்ளன்னு கேக்குறா!"

சரோஜா அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். லயத்தின் மறுகோடிவரை கேட்கும் தொண்டை.

நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். "எண்ணி முடிச்சிட்டீங்களா? ஒண்ணு கொறஞ்சா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்றார். அந்த ஜன்னலில் என்னைக் கேலி செய்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போவார்கள்.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். மனைவியும் இரண்டு மகள்களும் பள்ளிப் படிப்புக்காக ஈப்போவில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். டிரஸர் குவார்ட்டர்ஸ் மேட்டின்மேல் தனியாக இருந்தது. துரை வீட்டில் எனக்கு இடமில்லை. லயத்தில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் மாலையில் கேரம் ஆடுவார்கள். நான் காய்களை எண்ணித் தகராறு செய்கிறேன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் ரேடியோவும் எடுக்காது. சில நாள்கள், காலை ஜன்னலில் அஞ்சலை சொன்ன இரண்டு வாக்கியங்கள்தாம் அன்றைக்கு யாரும் என்னிடம் பேசியது.

பிப்ரவரி நடுவில் கட்டைவிரல் மறுபடி உருளத் தொடங்கியது. மாத இறுதியில் முகம் மெழுகாயிற்று. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் கூடை பாதிகூட நிறையவில்லை. கங்காணி இப்போது கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெயர் வெட்டப்படப் போகிறவரைத் திட்டி என்ன லாபம் என்று விட்டுவிட்டார்.

டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து டோஸைக் கூட்டினேன். பலனில்லை. மாத்திரையை அஞ்சலை விழுங்குவதில்லை, சேர்த்துவைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். என் கண்முன்னே விழுங்கச் சொன்னேன்.

"வாயைத் திற."

திறந்தார். அதற்கே நேரமாயிற்று.

"நாக்கையும் நீட்டவா அய்யா? பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி."

குரல் மெலிந்துபோய்க் காற்றாக வந்தது. கேலி மட்டும் பழைய கேலி.

"நீட்டு," என்றேன்.

நீட்டினார். வாயில் மாத்திரை இல்லை. "நீ வேற என்ன மருந்து சாப்பிடற?" என்று அதட்டினேன். "ஒண்ணுமில்ல அய்யா," என்றார். கடை மருந்து வாங்குகிறவர்களை நான் ஜன்னலில் நிற்கவைத்துத் திட்டுவேன் என்பது லயம் முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் வேறு என்ன பதில் வரும்?

4. பாய் கடையில்

டாக்டர் வருவதற்கு நான்கு நாள் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டத்து லோரியில் தானா ராத்தா பட்டணத்துக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் மேசைகள், பக்கச் சுவரோரம் கண்ணாடி அலமாரியில் தைலம், பிளேடு, மாத்திரைகள். நான் வழக்கமான மூலை மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டேன். எதிர் நாற்காலியை ஒரு குடும்பம் கேட்டு எடுத்துக்கொண்டு போயிற்று.

காசு கொடுக்கும்போது முதலாளி பாய் சொன்னார்: "என்னா டிரஸர், உங்க தோட்டத்துல எல்லாருக்கும் நரம்பு செத்துப் போச்சா?"

"ஏன் பாய்?"

"வாராவாரம் ஒருத்தங்க வந்து நரம்பு மாத்திரைய அட்டையோட வாங்கிட்டுப் போறாங்க. வேற வேற ஆளு, ஆனா கேக்குறது ஒரே மாத்திரை. போன வாரம் அந்தச் சத்தக்காரம்மா வந்துச்சு. உசந்ததா குடுங்க, டிரஸர் குடுக்குறது மாதிரி மட்டமா வேணாம்னு சொல்லிச்சு!"

அட்டையை வாங்கிப் பின்பக்கம் படித்தேன். பி1, பி6, பி12. என் மஞ்சள் மாத்திரையில் இருக்கும் பி6 அதன் முன்னால் வெறும் தூசு. அந்தச் சத்தக்காரம்மா அஞ்சலையின் பக்கத்து வீட்டுச் சரோஜாதான்.

5. சரோஜா வீட்டு வாசல்

திரும்பியதும் குடையோடு நேராக லயத்துக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணி. தகரக் கூரையில் மழை. மருந்துப் பெட்டி இல்லாமல் நான் அங்கே போனது அதுவே முதல் முறை. சரோஜா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலை, அசையாமல். என்னைக் கண்டதும் பேச்சு அறுந்தது.

"அஞ்சலைக்கு நரம்பு மாத்திரை வாங்கித் தர்றது யாரு?" என்றேன்.

சரோஜா எழுந்தார்.

"நாந்தான் வாங்கினேன். இவங்களும் வாங்கினாங்க. வாரம் ஒரு வீடுன்னு மொறை வச்சிருக்கோம். இப்ப என்னாங்குறீங்க?"

"யாரைக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? விரல் வெட்டுனவனுக்கும் மஞ்ச மாத்திர குடுக்குறீங்க. சளி புடிச்ச புள்ளைக்கும் குடுக்குறீங்க. இவளுக்கு மட்டும் இல்லன்னு அனுப்புனா என்னா அர்த்தம்? கேக்க ஆளில்லாத பொம்பளதானேன்னுதான? சாகப்போற மரத்துக்கு உரம் எதுக்குன்னுதான? சும்மா இருப்போமா நாங்க?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் சரியாகவே செய்திருந்தேன். அதை ஜன்னலுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லாமல் செய்திருந்தேன். அதனால் இவர்கள் வேலை செய்து கிடைத்த கூலியிலிருந்து வாரம் தவறாமல் கொடுத்து, அவருடைய மருந்தைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

என்சைம், முன்பொருள் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? இப்படிக் கேட்டேன்:

"கொழுந்தை மூட்டையில அமுக்கிக் கட்டி, லோரி வழியில கெட்டு நின்னா என்ன ஆகும்?"

"சூடேறிச் செவந்துடும்," என்றார் ஒருவர்.

"செவந்த கொழுந்தை ஃபாக்டரியில எடுப்பாங்களா?"

"எங்க எடுப்பாங்க? ஃபாக்டரிக்குள்ள போயில்ல செவக்கணும். வழியில செவந்தா குப்பை."

"நான் குடுக்குற மாத்திரை பச்சைக் கொழுந்து. ஃபாக்டரி இவ தலைக்குள்ள இருக்கு. அங்க போய்ச் செவந்தாத்தான் கை காலுக்குத் தேயிலை. நரம்பு மாத்திரை அதை வயித்துலயே செவக்க வச்சிடுது. மஞ்ச மாத்திரையும் அதே வேலையத்தான் செய்யும். அதான் குடுக்கல."

சரோஜா மெல்ல உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நாங்களே..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

அஞ்சலை ஏதோ சொன்னார். கேட்கவில்லை. குனிந்தேன்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, நாக்க நீட்டச் சொல்லிப் பாத்திருக்க வேணாமே அய்யா."

முகம் அசையவில்லை. கண் மட்டும் சிரித்தது. யாரோ எனக்கு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டார்கள். உட்கார்ந்தேன்.

6. டாக்டர் வந்த நாள்

நரம்பு மாத்திரையை நிறுத்தி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அஞ்சலை கொஞ்சம் இளகியிருந்தார். ஆனால் சரிவில் நின்று கொழுந்து பறிக்க அது போதாது. டாக்டர் எல்லாம் கேட்டுக்கொண்டு, "இன்னும் எட்டு வாரம் வேண்டும். மருந்து பிடித்துவிடும்," என்றார்.

பக்கத்தில் நின்ற துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு வாரம் வேலை இல்லாத பேரைச் செக்ரோல்ல வச்சா மேலாபீஸ் என்னைக் கேட்கும். மார்ச்னு சொன்னேன். மார்ச் வந்தாச்சு."

டாக்டர் காகிதத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'தகுதியில்லை' என்று எழுதினால் முடிந்தது. வராந்தாவில் அஞ்சலை தூணைப் பிடித்து நின்றிருந்தார். எல்லாம் காதில் விழும் தூரம்தான்.

"டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்க ஆள் கேட்டு மூன்று வருடமாக எழுதுகிறேன், சார்," என்றேன். "இவரை அங்கே போடுங்கள்."

"அதுக்கு பட்ஜெட் இல்லை."

"எட்டு வாரக் கூலி நான் தருகிறேன். பெயர் மட்டும் இருக்கட்டும்."

துரை முதல் முறையாக என்னை முழுதாகப் பார்த்தார். "உன் காசு, உன் இஷ்டம்," என்றார். டாக்டர் 'எட்டு வாரம் இலகு வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே கிராணிமாரிடையே பேச்சாகிவிட்டது. "டிரஸர் சொந்தமா செக்ரோல் தொறந்துட்டாரு! அடுத்து தோட்டத்தையே வாங்கிடுவாரு!" என்றார்கள். எட்டு வாரமும் கைச்செலவு இறுகிப்போனதால் இரண்டு முறை ஈப்போ பயணத்தைத் தள்ளிப்போட்டேன். மழை, பாதை சரியில்லை என்று வீட்டுக்குச் சொன்னேன். மழை உண்மைதான்.

7. பெஞ்சு

மருந்து பிடித்தது. மூன்றாம் வாரத்தில் அஞ்சலை இரு கையாலும் துடைப்பம் பிடித்தார். நோய் குணமாகும் நோயல்ல. டாக்டர் அதை அவரிடமே சொன்னார். ஆனாலும் அதன்பிறகு நான்கு வருடம் மலையில் வேலை செய்தார். எண்பதுகளில் கூட்டு மாத்திரைகள் எங்கள் தோட்டத்துக்கும் வந்துவிட்டன. பி6 பயமும் அதோடு போயிற்று.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மருந்து கொடுக்கும்போது காரணம் சொல்லாவிட்டாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கொடுக்காமல் விடும்போது சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்ட காரணத்தை அவர்களே ஒன்று உண்டாக்கிக்கொள்வார்கள்; அதில் அன்பும் இருக்கும், ஆபத்தும் இருக்கும். "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்வியை உட்கார்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அது பாடமல்ல.

அந்த எட்டு வாரம் டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் எப்போதும் ஆள் இருந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் அஞ்சலைக்காக உட்கார்ந்தார்கள். சரோஜா வேலை முடிந்து வரும்போது மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவருவார். "அய்யாவுக்கும் குடு, எண்ணிக் குடு, இல்லன்னா திரும்பக் கேப்பாரு," என்பார். மருந்து அறையில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். யார் மகள் யாரோடு பேசுகிறாள், எந்தக் கங்காணி நிறுவையில் கை வைக்கிறார், துரைசாணி ஏன் ஊருக்குப் போனார். எனக்கு வேண்டாத விஷயங்கள். ஒன்றையும் விடாமல் கேட்டேன்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அஞ்சலை கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். போகும்போது ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார். கை நன்றாக ஆடியது. அன்று பதினொரு பேர் மருந்துக்கு வந்தார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் நான் துடைப்பத்தை எடுத்து வராந்தாவைக் கூட்டினேன். யாரும் உட்காராத பெஞ்சில் தூசிகூட இல்லை. உள்ளே வந்து அஞ்சலைக்கு நான் கொடுத்த கூலியைக் கணக்குப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வேலை நாள், நாளுக்கு நாலரை வெள்ளி. இருநூற்றுப் பதினாறு வெள்ளி.